மூலச் சிகிச்சை என்று பலகை மாட்டியிருக்கும் மருத்துவர்களுக்கு



என் ஆசனவாயின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சதை தொங்குகிறது. இரண்டாவது பிரசவத்தின்போது வெளிமூலத்தில் ரத்தம் கட்டி வீங்கியது. வீக்கம் வற்றிய பிறகும் விரிந்த தோல் சுருங்காமல் தங்கிவிட்டது. வலி இல்லை. ஆனால் எவ்வளவு கழுவினாலும் சுத்தமானதாகத் தோன்றாது. அரிப்பு, அரிப்பினால் புண். இதை எடுக்க யாரிடம் போவது என்ற கேள்வியோடுதான் உங்கள் வாசல்களில் காத்திருந்தேன்.

தோல் மருத்துவர், சர்ஜனைப் பார்க்கச் சொன்னார். சர்ஜனோ மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா, விட்டுடுங்க" என்றார். என்னைப் பரிசோதிக்கவே இல்லை. லேசர் கிளினிக் ஒன்றில் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஓர் இளைஞர் உட்கார வைத்துப் பேசினார். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். பேக்கேஜ் அட்டையை நீட்டினார். எனக்கு என்ன நோய் என்று யாரும் பார்ப்பதற்குள் தொகை அச்சாகியிருந்தது. உள்ளே போனால் கதவு பாதி திறந்து கிடக்கிறது, மறைப்புத் திரை இல்லை, துணைக்கு ஒரு நர்ஸ் இல்லை. ஒரு பார்வை. "மூலம், கிரேடு டூ. லேசர் பண்ணிடலாம்." அந்தச் சதை போய்விடுமா என்று கேட்டேன். "எல்லாம் சரியாயிடும்."

சரியாகாது, டாக்டர். லேசர் உள்மூலத்தைச் சுருக்கும். ரப்பர் வளையம் போடுவதும் உள்மூலத்துக்குத்தான். வெளியே தொங்குவது வெறும் தோல். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கே வலி நரம்புகள் அதிகம் என்பதால் வளையம் போட்டால் தாங்க முடியாது. வெட்டி எடுப்பதோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்யும் சிறு ஆபரேஷன்தான். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். புண் ஆறச் சில வாரங்கள் ஆகும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஓர் அரசு மருத்துவமனையின் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, போர்வையை இழுத்துவிட்டார். விரலை வைப்பதற்கு முன், "இப்ப தொடப்போறேம்மா" என்று சொன்னார். மலம் போகும்போது கிழிக்கிற மாதிரி வலிக்குமா, வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் இருந்ததுண்டா என்று விசாரித்தார். ஏன் என்றும் விளக்கினார். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் அதன் நுனியிலும் இப்படிச் சதை வளரும். வெடிப்பைக் கவனிக்காமல் சதையை மட்டும் வெட்டினால் தொல்லை தீராது. குரோன் என்கிற குடல் நோய் இருந்தால் வெட்டிய புண் ஆறுவதே கடினம். மருவாகவோ வேறு கட்டியாகவோ தெரிந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தோலை அளவுக்கு மீறி எடுத்தால் துவாரமே குறுகிவிடும். தொந்தரவு இல்லையென்றால் எடுக்காமலும் இருக்கலாம், முடிவு உங்களுடையது என்றார். நான் தேடி அலைந்தது இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகத்தான். இதற்கு லேசர் இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்களுக்கான நெறிமுறைகள் புதியவை அல்ல. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள், ஒரு துறையில் தனித் தகுதி பெறாதவர் அதில் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன. பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்றும் சொல்கின்றன. மருந்துகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்: 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. மூலமும் பவுத்திரமும் அதில் இருக்கின்றன. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம் நிரந்தரக் குணம்' நோட்டீஸ்தான். வெட்கத்தால் வாயைத் திறக்க முடியாதவர்கள் அந்த நோட்டீஸில் இருக்கும் நம்பருக்குத்தான் போன் போடுகிறார்கள். படித்த டாக்டரான நீங்கள் ஏறெடுத்தும் பார்க்காமல் அனுப்பினால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

பலகையில் உங்கள் பட்டத்தையும் பதிவு எண்ணையும் படிக்கும்படி எழுதுங்கள். பெண்கள் வந்தால் கதவைச் சாத்தி, ஒரு நர்ஸைத் துணைக்கு நிறுத்துங்கள். முதலில் நீங்கள் பாருங்கள், இருப்பது என்னவென்று சொல்லுங்கள், பிறகு தொகையைப் பேசுங்கள். உங்களால் ஆகாதென்றால் யாரால் ஆகும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நோயாளி