முறைமன்றில் ஏழையின் வாய்

குற்றக்கூண்டில் நிற்பவன் குற்றவாளியா அல்லனா என்பது ஆய்ந்து தெளியவேண்டிய ஒன்று. அவனுக்கெதிரே அரசு தன் முழு வலிவோடும் நிற்கின்றது. அவனுக்காகப் பேச ஒரு வாயும் இல்லையெனில், ஆங்கு நடப்பது முறையாகாது, முறையின் நிழலே!

இதனையுணர்ந்தே இங்கிலாந்து, பொருளற்றார்க்கு அரசுச் செலவில் சட்டத்துணை நல்க 1949இல் சட்டம் செய்தது. ஆனால், ஈந்த கை பின்னர்ச் சுருங்கிற்று. வழக்குரைஞர் கட்டணம் ஆண்டுக்கணக்கில் உயராது தேய்ந்தது. இளையோர் பலர் இத்துறையை விட்டகன்றனர். கட்டணத்தை நூற்றுக்கு 15 மேனியேனும் உடனே உயர்த்துக என்றும், அதற்கு ஆண்டுக்கு 13.5 கோடி பவுன் வேண்டுமென்றும் 2021இல் கிறித்தோபர் பெல்லமி தம் ஆய்வுரையில் வற்புறுத்தினார். அரசோ காலந்தாழ்த்திற்று. 2022 செபுதம்பர் 5 முதல் வழக்குரைஞர் கால வரையறையின்றிப் பணி மறுத்தனர். நிலுவை வழக்குகட்கும் உயர்வு தர அரசு இசைந்த பின்னர், அத்தோபரில் மன்றம் திரும்பினர். காவல்நிலையத்தில் முதற்கண் துணைநிற்கும் சட்டத்துணைவர்க்கோ முழுவுயர்வு கிட்டவில்லை. அம்முடிவு எடுக்கப்பட்ட வகை அறிவொடு பொருந்தாதென 2024 சனவரியில் உயர்மன்றமே உரைத்தது.

மக்கள் வரிப்பணத்தில் வழக்குரைஞர் கொழுப்பதா என்பர் சிலர். குற்றஞ்சாட்டுவார்க்கும் காவலர்க்கும் நடுவர்க்கும் செலவாவதும் அவ் வரிப்பணந்தானே! சாட்டுதற்குப் பொருளுண்டு, மறுத்தற்கு இல்லை என்பது எவ்வகை அறம்? வழக்குரைஞரின்றி வழக்கு நீளுமாயின், தீங்குற்றவருமன்றோ காத்துக்கிடப்பர்?

துலாக்கோலின் ஒரு தட்டில் மட்டும் பொன்னிட்டு நடுநிலை பேசுதல் நாணத்தக்கது. ஏழையின் சட்டத்துணைக்குப் பொருள் ஒதுக்குதல் அரசின் கொடையன்று, கடன்!