முகூர்த்தத்துக்கு வந்தவர் எங்கே படுத்தார்?

விருந்தோம்பலிற் சிறந்தவர் தமிழர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். திருவள்ளுவர் அதற்கென்றே பத்துக் குறளில் ஓரதிகாரம் வகுத்தார் என்று மார்தட்டுகின்றோம். ஆனால் நம் வீட்டுக் கலியாணத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர் முதனாளிரவு எங்கே படுத்தார், காலையில் எங்கே குளித்தார், எப்படி ஊர் திரும்பினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கின்றோம்? பந்தியில் இலை போட்டதோடு கடமை தீர்ந்தது என்றல்லவோ இருக்கின்றோம்!

தோட்டங்களில் லயத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், ஒரு வீட்டிற் கலியாணமென்றால் அந்த லயம் முழுவதுமே விருந்தினர் விடுதியாகும். ஒருவர் தம் அறையை ஒழித்துத் தருவார். இன்னொருவர் பாயும் தலையணையும் தருவார். வேறொருவர் வெந்நீர் போடுவார். அக்காலத்தைப் பொற்காலமென்று பாட நாம் வரவில்லை. சாதி கேட்டு இடங்காட்டிய கொடுமையும் அங்கே இருந்தது. இன்றோ பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்தன. நம்மவரிற் பலர் நகரத்து அடுக்குமாடிகளிற் குடியேறினர். மூன்றறை வீட்டில் முப்பது பேரைத் தங்கவைத்தல் இயலாதென்பது உண்மையே. அதற்காக யாரையும் நாம் குறை கூறோம். நாம் கண்டிப்பது வேறு. அன்று சாதி பார்த்து இடங்காட்டினர். இன்று பணப்பையைப் பார்த்து இடங்காட்டுகின்றோம்.

பிறரைச் சுட்டுமுன் நம் குற்றத்தை நாமே கூறுதல் முறை. மூன்றாண்டுகளுக்கு முன் நம் தங்கையின் மணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. தோட்டக் கிராணியாகிய நமக்குப் பட்டியலெழுதுதல் கைவந்த தொழிலாதலின், தங்குமிடப் பட்டியலையும் நாமே எழுதினோம். நம்மோடு ஆங்கிலப் பள்ளியிற் படித்து இன்று பதவியிலிருப்போருக்கு ஓட்டலில் எட்டு அறைகள். கெடாவிலிருந்து பேருந்தில் வந்த உறவினர்க்கு மண்டபத்தின் பின்கட்டிற் பாய்கள். “அவர்கள் நம்மவர்தாமே, சமாளித்துக்கொள்வார்கள்” என்று அன்று கூசாமற் சொன்னோம்.

அவர்களுள் நம் பெரியம்மாவும் ஒருவர். பால்மரம் வெட்டிய கூலியில் மாதந்தவறாது நம் பள்ளிச் சம்பளத்துக்குக் கொடுத்துதவியவர் அவரே. முழங்கால் வலியுடைய அவ்வம்மையார் சிமெண்டுத் தரையிற் படுத்தெழ முடியாமல், விடியுமளவும் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை மணம் முடிந்த பின்னரே பிறர் சொல்லக் கேட்டோம். அன்றிரவு அந்த எட்டு அறைகளில் மூன்று வெறுமனே பூட்டிக் கிடந்தன! அவற்றுக்குரிய கனவான்கள் மறுநாட் காலையிற் காரில் வந்து, உண்டு, படமெடுத்துக்கொண்டு சென்றனர். பெரியம்மா ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அவர் சொல்லாததே இன்றளவும் நம்மைச் சுடுகின்றது.

சற்றே கணக்குப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மணத்துக்குக் கெடாவிலிருந்து கிள்ளானுக்கு வரும் தோட்டத் தொழிலாளி சனிக்கிழமை வேலையை விடுகின்றார். இரவெல்லாம் பேருந்தில் விழித்துத் திரும்புவதால் திங்கட்கிழமை வேலையையும் விடுகின்றார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. இரண்டு நாட்கூலி 130 வெள்ளி 76 காசு. அதாவது, மாத ஊதியத்திற் பதின்மூன்றில் ஒரு பங்கு! பேருந்துக் கட்டணமும் மொய்யும் இதற்குமேல். பதவியிலிருந்து காரில் வந்தவருக்கோ சம்பளத்தில் ஒரு காசும் பிடிப்பாரில்லை. அப்படியாயின், நமக்காக மிகுதியும் இழந்து வந்தவர் யார்? தரையிற் படுத்தவரா, மெத்தையிற் படுத்தவரா? சம்பளப் பட்டியல் எழுதும் நமக்கு இக்கணக்குத் தெரியாததன்று, தெரிந்தே மறந்தோம்.

“அவர்கள் தரையிற் படுத்துப் பழகியவர்கள்” என்பர் சிலர். பழக்கம் முதுமைக்கும் மூட்டுவலிக்கும் மருந்தாகுமா? “எல்லார்க்கும் அறையெடுக்கப் பணமேது?” என்பர் வேறு சிலர். மணவறைப் பூவலங்காரத்துக்கும், படக்காரருக்கும், ஒருமுறை பார்த்து எறியப்படும் பகட்டு அழைப்பிதழுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பணமில்லாமையன்று குறை, மனமில்லாமையே குறை.

நாம் வேண்டுவது பெரிதன்று. அழைப்பிதழ் அச்சிடுமுன் வெளியூரார் பட்டியலை எழுதுக. முதியோர், நோயுற்றோர், கைக்குழந்தையோடு வரும் தாய்மார், பேருந்தில் வருவோர் ஆகியோர்க்கே முதல் அறைகள். வசதியுடையோர் தம் செலவில் தங்கட்டும். உண்மை நண்பராயின் அதற்காகச் சினவார். நான்கு நண்பர் வீடுகளில் வீட்டுக்கோர் அறை கேட்டாலும் நாலு குடும்பம் நிம்மதியாக உறங்கும். பஞ்சாங்கம் பார்த்து விடியற்காலையிற் தாலி கட்டுவதை விடுத்து, முற்பகல் பத்து மணிக்கு மணம் வைத்தால், அண்மையூரார் அன்று காலையே புறப்பட்டு வரலாம், இராத்தங்கலே வேண்டாம். வந்தவர்க்குப் பாய் விரிப்பதும் வெந்நீர் கொடுப்பதும் பெண்டிர் வேலையென்று ஒதுங்கி, வாயிலில் நின்று “வாங்க, வாங்க” என்பதே ஆடவர் கடமையென எண்ணும் மடமையும் ஒழிக.

அன்பர்காள்! வள்ளுவர் விருந்தினரைப் பற்றிப் பேசியபோது அவர் ஏறிவந்த வாகனத்தைக் கேட்கவில்லை. நம் முகம் எவ்வாறிருந்தது என்றே கேட்டார். நம் பெரியம்மா இன்றும் இருக்கின்றார். வரும் ஆண்டு நம் தம்பிக்கு மணம். பட்டியலை இம்முறையும் நாமே எழுதுவோம். முதல் அறைக்கு நேரே அவர் பெயர் இருக்கும். உங்கள் வீட்டுப் பட்டியலில் முதலில் யார் பெயரை எழுதப்போகின்றீர்கள்?