மலைக்கு மேல ஹெலிகாப்டர்... மேகம் வழிவிடுமா?

சங்கராபுரம்: கல்வராயன்மலையில் மேகம் அருவி பார்க்க வர்றவங்களுக்கு, 'ஹெலிகாப்டர்ல ஒரு ரவுண்டு அடிச்சா எப்படி இருக்கும்'னு ஆசை வரும். தப்பில்லை. ஆனா ஊட்டியிலேயே அது நடக்கலை.

2023 மே கோடை விழாவுக்கு அங்கே ஹெலிகாப்டர் சுற்றுலா ஏற்பாடானது. சத்தத்துக்கு வனவிலங்குகள் மிரளும்னு வழக்கு போட, ஐகோர்ட் தடுத்து நிறுத்தியது.

மிருகம் மட்டுமா மிரளும்? 2021 டிசம்பர் 8-ந்தேதி குன்னூர் அருகே முப்படை தலைமை தளபதி பிபின் ராவத் போன ராணுவ ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து நொறுங்கியது. 14 உயிர் போச்சு. அனுபவசாலி பைலட்டுக்கே அந்த கதி.

கேதார்நாத்தில் சில நிமிஷப் பயணம்தான். 2022 அக்டோபர் 18-ந்தேதி 7 பேர் பலி. அதில் 3 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவங்க.

நம்ம மலை ஜனங்க நிலைமை பற்றி 2024-ல் ஐகோர்ட் தானாகவே வழக்கு எடுத்தது. அதில் பேசினது ரோடு, பஸ், ஆஸ்பத்திரி பற்றித்தான்.