எந்த ஊர் மழை?

சென்ற டிசம்பரில் ஒரு மாலை. நிலையத்துக்கு வெளியே தூறல். "ஜில்லென்ற வானிலை, சூடாக ஒரு தே தாரிக்கோடு பாட்டுக் கேளுங்கள்" என்று வானொலியில் சொல்லிவிட்டேன். உடனே கோத்தா பாருவிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். "தம்பி, இங்க நாங்க சாமானெல்லாம் மேல் மாடிக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம்."

வெட்கமாகிவிட்டது. அதன் பிறகுதான் நம் மழையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிளந்தானும் திரெங்கானுவும் அதன் வழியில் முன்னால் நிற்கின்றன. சுமையில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். நடுவில் திதிவாங்சா மலைத்தொடர் மறிப்பதால், மேற்குக் கரைக்கு மிச்சம்தான்.

மேற்கிலும் எல்லா ஊரும் ஒன்றல்ல. தைப்பிங், புக்கிட் லாருட் அடிவாரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் மழை. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். இன்று மழை வருமா என்று பந்தயம் கட்டிய ஊராயிற்றே! நெகிரி செம்பிலானின் ஜெலுபுவோ மலைகளுக்கு நடுவே பதுங்கிக் கிடக்கிறது. காற்று தன் ஈரத்தை வெளிப்பக்கச் சரிவுகளில் கொட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்கும். இறங்கும்போது சூடாகி மேகம் கலைந்துபோகும். தைப்பிங் மழையில் பாதிகூட அங்கே இல்லை.

டிசம்பரில் கிழக்குக் கரைக்குக் காரில் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து உங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து வானிலையை முடிவு செய்யாதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் அந்த அக்கா மறுபடியும் அழைத்துப் பாட்டுக் கேட்டார். மழைப் பாட்டு மட்டும் வேண்டாமாம்.