கார் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா? பானெட்டுக்குள் இருக்கும் 'அந்த ஒரு நட்' ஏன் ஆபத்து?

"பார்ட்ஸ் ஆன்லைன்ல வாங்கிட்டேன், வீடியோ பார்த்து நானே மாத்திடுவேன்." கார் வைத்திருப்பவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரி 18% ஜிஎஸ்டி. முன்பு இவற்றில் பலவற்றுக்கு 28% இருந்தது. பார்ட்ஸ் செலவு குறைகிறது, லேபர் சார்ஜையும் மிச்சம் பிடிக்கலாமே என்று நினைப்பதில் தப்பில்லை. ஆயில், ஃபில்டர், வைப்பர் வரை சரி. ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. ஏன் என்று பார்க்கலாம்.

ஸ்பிரிங் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

காரின் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் 'டக்' என்று சத்தம் வரும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். குண்டும் குழியுமான சாலையும், கடலோரக் காற்றில் பிடிக்கும் துருவும் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை உடைத்துவிடும். உடைந்த முனை டயரைக் கிழித்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் தள்ளிப்போடக் கூடாத வேலைதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் 'மேக்பெர்சன் ஸ்ட்ரட்' என்ற அமைப்புதான். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக இருக்கும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினாலும் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்.

பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரங்களிலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். பல மாடல்களில் சுற்றிலும் இரண்டு மூன்று சின்ன நட், நடுவில் ஒரு பெரிய நட். சின்னவை, ஸ்ட்ரட்டை காரோடு பிடித்திருப்பவை. நடுவில் இருப்பது ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது. வீட்டில் வேலை செய்பவர்கள் தவறிப்போய் கை வைக்கும் இடம் இதுதான்.

அப்படி எவ்வளவு விசை?

ஒரு எளிய கணக்கு. ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கவும் 2 கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். அதை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் உள்ளே காத்திருப்பது 300 கிலோ எடைக்குச் சமமான விசை. அத்தனையும் ஒரே நொடியில் விடுபட்டால், ஒரு கிலோ எடைக்கல் சுமார் 22 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏழு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எதிரில் முகம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகவே 'ஸ்பிரிங் கம்ப்ரஸர்' என்ற கருவி இருக்கிறது. ஆனால் இரண்டு கொக்கி, இரண்டு நீள போல்ட் கொண்ட மலிவான ரகம் ஒரு பக்கம் வழுக்கினால் ஸ்பிரிங் வளைந்து துள்ளும். கயிறு, கம்பி கட்டி அமுக்குவது அதைவிட மோசம். உங்கள் மெக்கானிக் அப்படிச் செய்தாலும் "வேணாம்ணே" என்று தடுத்துவிடுங்கள். ஆபத்து அவருக்கும்தான்.

அப்போ வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா?

செய்யலாம். ஓரளவு அனுபவம் உள்ளவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். நடு நட்டைத் தொடாமல் ஸ்ட்ரட்டை முழு செட்டாகக் கழற்றி, ஸ்பிரிங் பிரஸ் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி, மறுபடி வீட்டில் மாட்டலாம். லேபர் செலவில் பெரும்பகுதி மிச்சம், ஆபத்தான பகுதி மெஷினில் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை:

- ஜாக்கியை மட்டும் நம்பி காருக்குக் கீழே போகாதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்ட் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.
- இடது, வலது இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.
- முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பிரேக் ஸ்பிரிங்?

பல சிறிய கார்களில் பின்பக்கம் டிரம் பிரேக். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் சின்னவைதான், ஆனால் கண்ணைப் பதம் பார்த்துவிடும். கண்ணாடி போடாமல் கை வைக்காதீர்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், எது எங்கே மாட்டியிருந்தது என்று பார்க்க உதவும். தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலைப் பாதிக்கும். ஸ்பிரிங்கைத் தப்பாக மாட்டினால் பிரேக் ஒட்டிப் பிடிக்கும். ஒருதடவைகூட கழற்றிப் பழகாதவர்கள் பிரேக்கில் கற்றுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் 'கிளாக் ஸ்பிரிங்'. பெயரில்தான் ஸ்பிரிங், உண்மையில் அது சுருட்டி வைத்த மின் இணைப்பு. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்பதால், இது கிட்டத்தட்ட எல்லா புது கார்களுக்கும் பொருந்தும். இதை ஒர்க்‌ஷாப்பிடமே விட்டுவிடுங்கள்.

'ரிப்பேர் செய்யும் உரிமை' என்ன சொல்கிறது?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் இதில் வருகின்றன. தனி இணையதளமும் தொடங்கப்பட்டது. பொருளை வாங்கியவருக்கு அதைச் சரிசெய்யத் தேவையான பார்ட்ஸும் தகவலும் கிடைக்க வேண்டும் என்பதே அடிப்படை.

இதில் பார்ட்ஸ் ஒரு பட்டனில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. எந்த நட்டைத் தொடக் கூடாது என்ற தகவலும் அதே பெட்டியில், படம் போட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வர வேண்டும். அது வரும்வரை ஸ்பானரை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, நடுவில் இருக்கும் அந்த நட்டை அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் தொட வேண்டாம்.