லைக்கா இல்லாவிட்டால் ஒளிப்படம் இல்லையா?

இரு உருவங்களை ஒன்றிணைத்துக் குவியம் பார்க்கும் பழைய றேஞ்ச்பைண்டர் பிலிம் கமெரா ஒன்றைத் தேடும் இளையவர்களிடம், "லைக்காவைத் தவிர மற்றவை கமெராக்களே அல்ல" என்று ஓதுவோர் பெருகிவிட்டனர். இது வெறும் பணத்திமிர்.

1954இல் வெளிவந்த லைக்கா எம்3 அற்புதமான கருவி. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், சேகரிப்போர் போட்டியிட்டு ஏற்றிய விலையை ஒரு மாணவன் ஏன் கொடுக்கவேண்டும்?

1972இல் வந்த கனொனெற் கியூஎல்17 ஜி-3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. வில்லை, எஃப் 1.7 துவாரம். பற்றரி செத்தால் ஒளிமானி மட்டுமே உறங்கும். ஷட்டர் 1/4 முதல் 1/500 செக்கன் வரை தன்பாட்டில் இயங்கும். விலையோ லைக்காவினதில் சிறு பங்கு. 1966இல் அறிமுகமான யஷிக்கா இலெக்ரோ 35உம் மலிவானதே. ஆயினும் பற்றரி இன்றேல் அதற்கு 1/500 என்ற ஒரே வேகந்தான்.

இலட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்ட இவற்றையும் "அபூர்வம்" என்று கூவி விற்கும் வியாபாரிகள் உளர். அச்சொல்லுக்குப் பணம் கொடாதீர்கள். தொலைவிலுள்ள பொருளில் இரு உருவங்களும் பொருந்துகின்றனவா, ஷட்டர் இதழ்கள் ஒட்டாமல் திறக்கின்றனவா, வில்லையில் பூஞ்சணம் உண்டா என்று பாருங்கள். பின்கதவின் நுரைப்பஞ்சு உக்கியிருந்தால் அஞ்சவேண்டாம், மாற்றுவது எளிது.

மிஞ்சும் பணத்தைப் பிலிமுக்குச் செலவிடுங்கள். இன்று விலையேறியிருப்பது அதுதான், கைபழகுவதும் அதனாற்றான். அலுமாரியில் உறங்கும் லைக்கா எவரையும் ஒளிப்படக் கலைஞர் ஆக்கியதில்லை.