கமக்காரர் வீட்டுக்கு ஏற்ற பூங்கன்றுகள்

கமக்காரர் வீட்டில் பூந்தோட்டம் வீண் முயற்சி என்று கருதுவோர் பலர். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போதாத நீரைப் பூவுக்கு இறைப்பதா என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்வி நியாயமானதே. எனினும், முற்றத்திற் பூங்கன்றே வேண்டாம் என்பது அதற்கு விடையாகாது. பூசைக்கும் நற்கருமங்களுக்கும் நாள்தோறும் பூத் தேவைப்படும் வீட்டில், தக்க கன்றைத் தெரிந்து நடுதலே சிறந்த விடையாகும்.

எளிதில் வளரும் கன்று எது? நட்டவுடன் தழைப்பது மாத்திரம் போதாது. ஆனி முதல் புரட்டாதி வரையுள்ள வரட்சியில், அரிசியும் பாத்திரமும் கழுவிய நீரைக்கொண்டே அது உயிர் தாங்கல் வேண்டும். அதன் தண்டோ விதையோ வீட்டிலேயே கிடைத்தல் வேண்டும். வயலுக்கும் கால்நடைக்கும் குழந்தைக்கும் அதனால் தீங்கு நேராதிருத்தலும் வேண்டும். முதலிரண்டையும் பலர் நோக்குவர். மூன்றாவதை நோக்குவோர் சிலரே.

அதனை நோக்காமையால் விளைந்த கேட்டுக்கு நம் நாட்டு நீர்நிலைகளே சான்று. ஆற்றுவாழை என வழங்கும் ஆகாயத்தாமரை, அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனை ஒழிப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச்சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்றும் அது குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்து நிற்கின்றது. மேய்ச்சல் நிலங்களிற் புதராய் மண்டிக் கால்நடைக்கு நஞ்சாகும் நாயுண்ணியும் அழகுச் செடியாக வந்ததே. எளிதில் வளரும் கன்றெல்லாம் எளிதில் அடங்கும் கன்றாகாது.

மஞ்சள் அலரியும் இவ்வாறு ஆராயவேண்டியதொன்றாம். அது வரட்சியைத் தாங்கும். ஆடு மாடு கடியாது. ஆண்டு முழுவதும் பூக்கும். ஆயினும் அதன் எல்லாப் பாகங்களும், சிறப்பாக விதைகள், இருதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சுடையன. செவ்வலரியும் வெள்ளலரியும் அத்தகையனவே. பூசைக்கு உதவும் என்றோ, முன்னோர் வைத்த மரம் என்றோ பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இவற்றை விட்டுவைத்தல் தகாது. அவ்விடத்தில் நந்தியாவட்டையையோ செவ்வரத்தையையோ நட்டாற் பூவுக்குக் குறைவு வாராது.

ரோசாவையும் அந்தூரியத்தையும் விலைகொடுத்து வாங்கி உலர்வலயத்தில் நட்டு வருந்துவோரும் உளர். உயர்ந்த ரோசா இனங்களுக்கு மலைநாட்டின் குளிர்ச்சி உகந்தது. அந்தூரியத்துக்கு நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். இவற்றை ஒப்பேற்றச் செலவாகும் நீரும் நேரமும் பயிருக்குரியவை.

உலர்வலயக் கமக்காரருக்கு உகந்தவை பழகிய கன்றுகளேயாம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்விலா ஆகியவற்றைத் தண்டு கொண்டு உண்டாக்கலாம். பென்சிற் பருமனுள்ள முற்றிய தண்டை எட்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுவதே நன்று. பெரும்போக மழையே நீரூற்றி வேர் பிடிக்கச் செய்யும். செவ்வந்தி, வாடாமல்லிகை, கோழிக்கொண்டை என்பவற்றுக்கு, செடியிலேயே முற்றி உலர்ந்த பூக்களைப் பறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை ஆயிற்று. பட்டிப்பூவோ மணற்றரையிலும் வளரும். கால்நடை அதனை விரும்பி மேய்வதில்லை.

நடும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஒன்றைத் தாக்கும் பூச்சிகள் மற்றதையும் தாக்கக்கூடும். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பப்பாசியை அழித்த மாவுப்பூச்சி செவ்வரத்தையிலும் ஈழத்தலரியிலும் வாழவல்லது. ஆகவே செவ்வரத்தையை மரக்கறிப் பாத்திக்கு அப்பால் நட்டு, வெள்ளை மாப்போன்ற படிவு காணப்படும் கிளைகளை உடனே வெட்டி அழித்தல் வேண்டும். கன்றுகளைச் சாடியில் வைப்பதிலும் நிலத்தில் நடுவதே மேல். சாடிக்கு அடிக்கடி நீர் வேண்டும். அதன் அடித்தட்டிலே தேங்கும் நீரில் டெங்கு நுளம்பும் பெருகும்.

பூங்கன்றாற் பயிருக்கும் பயனுண்டு. பூசணியும் பாகலும் காய்ப்பதற்குத் தேனீக்களும் பிற பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டுசெல்லல் வேண்டும். எப்பொழுதும் ஏதேனுமொன்று பூத்திருக்கும் தோட்டத்தை அவை விட்டு நீங்கா. செவ்வந்தியின் வேரிலுள்ள ஒரு பொருள், கத்தரி, தக்காளி வேர்களில் முடிச்சுண்டாக்கும் வட்டப்புழுக்களுக்கு நஞ்சாகும். பாத்தியின் ஓரத்தில் இரண்டொரு செவ்வந்தி நட்டுவிட்டுப் பயன் எதிர்பார்த்தல் வீணாகும். பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மாதமளவில் வளரவிட்டு, அதன் பின்னரே மரக்கறியை நடுதல் வேண்டும். நெல்வயலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் வரம்புகளில் தேன்சுரக்கும் பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வு 2016 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வயல்களிற் பூச்சிநாசினி தெளித்தல் 70 வீதம் குறைந்தது. நெல் விளைச்சலும் 5 வீதம் கூடியது. பூந்தேனை உண்டு வாழும் நன்மைசெய் பூச்சிகள் தத்திகளை அடக்கியமையே இதற்குக் காரணமாகும்.

ஆதலாற் பூங்கன்று நடுவதைக் கமத்தொழிலுக்குப் புறம்பான ஆடம்பரமாக எண்ணுதல் பொருந்தாது. நெல்லினத்தைத் தெரியும்போது நிலம், நீர், காலம் என்பவற்றை ஆராயும் கமக்காரர், பூங்கன்றுக்கும் அதே அளவுகோலை வைப்பாராக. அயல்வீட்டிலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவருமுன், அது வரட்சியில் எவ்வளவு நீர் கேட்கும், வேலியைத் தாண்டிப் பரவுமோ, பிள்ளையின் கையில் அகப்பட்டால் என்ன நேரும் என்று கேட்டறிதல் வேண்டும். இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் கன்றையே இவ்வருட மழையோடு நடலாம்.